உறுதியில் 20 பேர்ச், புல் 8 பேர்ச்: கொழும்புப் புல்வெட்டுச் சேவைகளின் கட்டணம் பற்றி

"வளவு எத்தனை பேர்ச், சேர்?" புல் வெட்ட ஆள் தேடிக் கூப்பிட்டால் வருகிற முதல் கேள்வி இதுதான். "20" என்று சொன்னால் அரை நிமிடத்தில் ஒரு தொகை வந்துவிடும். இராஜகிரிய, நுகேகொடை, வத்தளைப் பக்கமெல்லாம் பலர் விலை சொல்வது இப்படித்தான். மூன்று வகைச் சேவைகளில் நாம் கடைசி இடம் கொடுப்பதும் இந்தத் தொலைபேசி விலைக்குத்தான்.

20 பேர்ச் என்பது காணி உறுதியில் உள்ள கணக்கு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வீடு, கார் நிற்கும் கொங்கிறீட், கிணற்றடி, பின்பக்கச் சீமெந்துத் தரை எல்லாம் போக, புல்லாக மிஞ்சுவது 7, 8 பேர்ச்சாக இருக்கும். அதே 20 பேர்ச் வீடு கட்டாமல் கிடந்தால் அத்தனையும் புல். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறவர் ஒன்றில் உங்களிடம் கூட வாங்குகிறார், இல்லாவிட்டால் தன் கையைச் சுட்டுக்கொள்கிறார். கையைச் சுட்டுக்கொண்டவர் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார்.

வந்து பார்த்து விலை சொல்கிறவர் இரண்டாம் வகை. பார்ப்பது என்றால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதல்ல. நீளத்துக்கு 25 எட்டு, குறுக்கே 14 எட்டு என்று நடந்து அளக்க வேண்டும். எட்டு ஒன்று இரண்டரை அடி என்றால் 62.5 அடிக்கு 35 அடி, கிட்டத்தட்ட 2,190 சதுர அடி. அதாவது 8 பேர்ச். அடுத்தது மதில் ஓரம், பூப்பாத்தி, மர அடிகள். திறந்த 8 பேர்ச்சை 40 நிமிடத்தில் முடிக்கிற கை, பத்துப் பன்னிரண்டு மரமும் வளைவுப் பாத்தியும் இருந்தால் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். பரப்பைவிட ஓரம்தான் நேரத்தைத் தின்னும்.

இப்படிப்பட்ட ஒரு வேலையின் செலவைப் பிரித்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேர், ஒருவர் வெட்ட மற்றவர் கூட்டி அள்ள, போய்வரும் நேரத்தோடு 3 மணித்தியாலம். ஆளுக்கு மணிக்கு 500 என்றால் 3,000 ரூபா. ஓட்டோ 600. பெற்றோல் ஒரு லீற்றர் 300, அதில் கலக்கும் ரூ-ரீ (2T) எஞ்சின் ஓயில் 80. தங்கூசி, அதாவது மெஷினில் சுழன்று புல்லை வெட்டும் நைலோன் நூல், 120. 45,000 ரூபா மெஷின் 600 மணித்தியாலம் உழைக்கும் என்றால் தேய்மானம் மணிக்கு 75, மெஷின் ஓடுவது ஒரு மணித்தியாலம். மொத்தம் 4,175. மழையால் வேலை நிற்கும் நாட்களுக்கும் பழுதுக்கும் 15 வீதம் சேர்த்தால் ஏறக்குறைய 4,800. புல்லுள்ள பேர்ச்சுக்கு 600.

இந்தக் கணக்கில் எரிபொருளின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. பெற்றோல் லீற்றருக்கு 30 ரூபா ஏறினால் இந்த வேலைக்கு ஏறுவது ஓட்டோக் கூலியையும் சேர்த்துப் பார்த்தாலும் நூறு ரூபாவுக்குள் அடங்கும். "பெற்றோல் ஏறிட்டுது" என்று 500 கூட்டுகிறவர் உண்மையில் கூலியைத்தான் கூட்டுகிறார். கூலி கூட்டுவது தப்பில்லை, அதைக் கூலி என்றே சொல்லலாம். 2022 ஜூனில் 92 ஒக்டேன் 470 ரூபாவுக்குப் போனபோது கதை வேறு. அன்று கலனில் எண்ணெய் வாங்குவதே பெரும் பாடு.

விலை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கடைசியாக எப்போது வெட்டியது என்பது. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மழையில் ஆறு கிழமை விட்டால் புல் முழங்காலுக்கு வரும். ஒரே வீச்சில் அது அடங்காது. முதலில் தகட்டால் தள்ளி வீழ்த்தி, அள்ளி, பிறகு தங்கூசியால் மட்டம் பார்க்க வேண்டும். ஒரு பை குப்பை நாலு பையாகும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெட்டும் புல்லுக்கு 4,800 என்றால், ஒரு மாதம் விட்டதற்கு ஒன்றரை மடங்கும் அதற்கு மேல் இரு மடங்கும் கேட்பது நியாயம். அதைக் குறைக்கப் பேரம் பேசினால் அவர் அடியோடு வழித்துவிட்டுப் போவார். 5 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டிய புல்லை மண் தெரிய வெட்டினால் மஞ்சள் தட்டும். வெயில் பட்ட மண்ணில் முதலில் எழும்புவது கோரை.

மூன்றாவது வகை மாத ஒப்பந்தம். "மாதம் இரண்டு தடவை" என்று எழுதப்பட்டதை வாங்க வேண்டாம். பெப்ரவரியில் இரண்டு தடவை வெட்டப் புல் இருக்காது, நவம்பரில் இரண்டு காணாது. வருடத்துக்கு 22 தடவை என்று பேசி, மே, ஒக்டோபர், நவம்பருக்கு மும்மூன்று, ஜனவரி முதல் மார்ச் வரையும் ஜூலை, ஓகஸ்டிலும் ஒவ்வொன்று, மிச்ச மாதங்களுக்கு இரண்டிரண்டு என்று பிரித்து, பணத்தை மட்டும் 12 சம பங்காகக் கட்டலாம். இப்படி எழுதித் தருகிற சேவை கிடைத்தால் ஐந்துக்கு நாலரை போடலாம். அரைப் புள்ளி குப்பைக்காக. வெட்டிய புல்லை யார் கொண்டுபோவது என்று பலரும் எழுதுவதில்லை. மதிலோரம் குவித்தால் மழைக்குக் கானுக்குள் போய் அடைக்கும், தேங்கிய தண்ணீரில் நுளம்பு வரும், அடுத்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். பைக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டுக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

வேலைத் தரத்தை மர அடியில் குனிந்து பாருங்கள். தேசி, கறிவேப்பிலைக் கன்றுகளின் பட்டையைத் தங்கூசி சுற்றிவரச் சீவியிருந்தால் மரம் பட்டுப்போகலாம். வெட்ட முன் வளவைச் சுற்றி நடந்து கல், கம்பி, போத்தல் பொறுக்காதவரைத் தொடங்க விடாதீர்கள். கல் தெறித்துக் கார்க் கண்ணாடி போனால் யார் பொறுப்பு என்பதும் விலையோடு சேர்த்துப் பேச வேண்டியது. மட்டமான தரைக்குப் புல் பிடிக்கும் பையுள்ள தள்ளு மெஷின் கொண்டுவருகிறவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். தோளில் மாட்டும் மெஷின் எவ்வளவு தேர்ந்த கையிலும் அலை அலையாகத்தான் வெட்டும்.

தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒன்று. பெற்றோல் லீற்றருக்கு ஓயில் 40 மில்லிலீற்றரா 20 மில்லிலீற்றரா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், புத்தகத்தைப் பாருங்கள். 25:1 (லீற்றருக்கு 40) கேட்கிற மெஷினுக்கு 50:1 (லீற்றருக்கு 20) ஊற்றி மிச்சம் பிடித்தால் பிஸ்டன் இறுகும். 40 ரூபா ஓயிலில் மிச்சம் பிடித்தவர் பிறகு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சிலிண்டர் தேடி அலைவார், அந்தச் செலவை எந்த வாடிக்கையாளரின் பில்லிலும் போட முடியாது. பில் என்றதும், அதில் 18 வீதம் வற் சேர்த்திருந்தால் வற் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.