முன்பள்ளிச் சுவரில் மாட்டியிருந்த அந்தச் சான்றிதழ்

ஹட்டன் பக்கம், வருகிற ஜனவரியில் பிள்ளையை முன்பள்ளிக்குச் சேர்க்க நினைத்திருக்கும் அம்மா அப்பாமார் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் வீண் வம்பு என்று கணவர் பயப்படுகிறார். எனக்கும் பெயர் முக்கியமாகப் படவில்லை, இதே மாதிரி இடம் இது ஒன்றாக மட்டும் இருக்காது.

நான் டவுனில் ஒரு துணிக்கடையில் கேஷியர். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நானும் மகனும் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு லயத்து வீட்டில் இருக்கிறோம். லயத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சிறுவர் அபிவிருத்தி நிலையம், தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அம்மாவுக்கு அது இன்னும் பிள்ளைக்காம்பராதான். "ஒன்ன அங்க விட்டுட்டுத்தானே நான் மலைக்குப் போனேன், நீ என்ன கெட்டா போயிட்ட?" என்று கேட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. டவுனில் வேலை செய்கிறவள் மகனையும் பிள்ளைக்காம்பராவில் விடுவதா என்ற வீம்பு. உண்மையைச் சொல்ல வேண்டுமே, ஏமாந்த கதையில் என் பங்கும் இருக்கிறது.

டவுனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அந்த மொன்டிசோரி. சுவரெல்லாம் முயல், யானைப் படம். அட்மிஷன் 25,000 ரூபா, மாதம் 4,500. யூனிஃபோர்ம், புத்தகம், வருடக் கடைசி கொன்சர்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. பற்றுச்சீட்டு கேட்டபோது, "கொப்பில எழுதிக்கிறோம் மிஸ், பயப்படாதீங்க" என்றார் உரிமையாளர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நம்ம சர்டிஃபிகேட் இருந்தா டவுன்ல பெரிய ஸ்கூல்லயே முதலாம் ஆண்டு கிடைச்சுரும்" என்றார். இந்த ஒரு வரிக்குத்தான் 25,000த்தை எண்ணிக் கொடுத்தேன். முதலாம் தர அனுமதிக்கான சுற்றறிக்கையைப் பிறகுதான் வாசித்தேன். ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். வீடு எவ்வளவு பக்கம், பெற்றோர் அங்கே படித்தவர்களா, அக்கா அண்ணன் அங்கே படிக்கிறார்களா என்றெல்லாம் பார்க்கிறார்கள். எந்த முன்பள்ளியில் படித்தான் என்பதற்கு ஒரு புள்ளியும் இல்லை.

உரிமையாளரின் மேசைக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. மேலே அரசாங்கச் சின்னம், கீழே சீல், கையெழுத்து, நடுவில் பதிவு எண். அதே எண்ணைப் போட்டு வாசல் போர்ட்டிலும் 'அரச பதிவு பெற்றது' என்று எழுதியிருந்தார்கள். சான்றிதழ் முழுவதும் சிங்களம். நான் சிங்களம் பேசுவேன், கடையில் வேறு வழியில்லை. வாசிக்கத்தான் வராது. சின்னத்தையும் சீலையும் பார்த்தேன், அது போதுமென்று நினைத்துவிட்டேன்.

முதல் ஆறு மாதம் சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வரும். மகன் நனைந்த காற்சட்டையோடே வருவான். ஒருநாள் பகலில் போனபோது முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பெண், ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வயது. "டீச்சர் எங்கம்மா?" என்று கேட்டேன். "நான்தான் டீச்சர்" என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது, அவளுக்கு என்ன கொடுத்தார்களோ.

ஜூலையில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த நேரம். எதிரில் யார் வருகிறார்கள் என்று தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். பதினொரு மணி போல ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் என் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்து நிற்கிறார். "தங்கச்சி, புள்ள மெயின் ரோட்டுல நிக்குது. நல்ல வேளை, நான் பிரேக் போட்டேன்." மாடிப்படிக்குக் கீழே கேட் திறந்து கிடந்திருக்கிறது, இவன் இறங்கி நடந்திருக்கிறான். அந்த அண்ணனுக்கு என் முகம் தெரிந்ததால் கடைக்குக் கொண்டுவந்தார். முன்பள்ளியிலிருந்து ஒரு போனும் இல்லை. நான் எடுத்தபோது, "உள்ளதான் மிஸ் விளையாடுறார்" என்றார்கள். பிள்ளை என் மடியில் இருந்தான்.

நேரே போய்க் கத்தினேன். உரிமையாளர் அசையவே இல்லை. மேசைக்கு மேலே கையைக் காட்டி, "நாங்க கவர்ன்மென்ட்ல பதிஞ்ச இடம். விருப்பம்னா முறைப்பாடு பண்ணுங்க" என்றார். கோபத்தில் அந்தச் சான்றிதழைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

கடையில் என்னோடு வேலை செய்யும் தங்கச்சி சிங்களத்தில் படித்தவள். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அக்கா, இது வியாபாரப் பெயர் பதிஞ்ச சர்டிஃபிகேட். நம்மகிட்டயும் இருக்கே." நான் உட்காரும் கேஷ் மேசைக்குப் பின்னால் கையை நீட்டினாள். திரும்பிப் பார்த்தேன். அதே சின்னம், அதே மாதிரி சீல், அதே மாதிரிக் கண்ணாடிச் சட்டம். நாலு வருடமாக என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். அந்தத் தாள் பொய்த் தாள் இல்லை. கடை போடுகிற யாரும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து வாங்கிக்கொள்ளும் தாள் அது. துணிக்கடைக்கும் சலூனுக்கும் கொடுப்பதும் அதுவே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த இடம் தகுதியா, டீச்சர் டிப்ளோமா படித்தவரா, கழிப்பறை உண்டா, கேட் பூட்டுமா என்று யாரும் வந்து பார்த்ததற்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. முன்பள்ளிப் பதிவு வேறு. நம் நாட்டில் இலவசக் கல்வி முதலாம் தரத்திலிருந்துதான், அதற்குக் கீழே பெரும்பாலும் தனியார் கையில். முன்பள்ளி 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்குப் போன விஷயம். ஆகவே கேட்க வேண்டியது மாகாணத்தில் பதிந்த முன்பள்ளிச் சான்றிதழை. 'பதிவு இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்பார்கள், பொய்யும் ஆகாது.

பிறகு அலைச்சல். ஒரு அலுவலகத்தில், இது மாகாண விஷயம் என்றார்கள். இன்னொரு இடத்தில், பிள்ளைக்குக் காயம் ஒன்றும் இல்லையே என்றார்கள். காயம் பட்ட பிறகு வரச் சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டு வந்தேன். கடைசியில் 1929க்கு எடுத்தேன், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாகாண அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன், இன்ன பெயரில் முன்பள்ளி பதிவாகியிருக்கிறதா என்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. எனக்குப் பதில் வந்தது, அதுவும் சிங்களத்தில். தங்கச்சிதான் வாசித்தாள்: அந்தப் பெயரில் பதிவு இல்லை.

அந்தக் கடிதத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்த்தேன். நல்ல மனுஷி. நேரில் போய்ப் பார்த்து, பதியும்படி கடிதமும் கொடுத்துவிட்டு வந்தார். "பூட்டுப் போட எனக்கு அதிகாரம் இல்ல மிஸ், எழுதத்தான் முடியும்" என்றார். அவர் பார்க்க வேண்டிய முன்பள்ளிகளின் பட்டியல் மேசையில் இருந்தது, மூன்று பக்கம். ஏற வேண்டியதெல்லாம் மலை, ஓடுவது பஸ். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

கட்டிய காசில் 10,000 ரூபா மட்டும் திரும்பி வந்தது. மிச்சத்தைக் கேட்டால் கொப்பைக் காட்டச் சொல்கிறார்கள், கொப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் எங்கே காசு கட்டினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தராவிட்டால் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். சான்றிதழைக் கையில் கேட்டு வாங்கிப் படம் எடுங்கள், சிங்களம் வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் பத்து, பதினொரு மணிக்கு ஒருநாள் போய் நில்லுங்கள். காலையில் விடும்போதும் மதியம் கூட்டிப் போகும்போதும் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

மகன் இப்போது பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறான். அங்கே இருக்கும் உத்தியோகத்தர் பயிற்சி எடுத்தவர், பிள்ளைகளின் நிறையை எழுதி வைக்கிறார், யார் கூட்டிப் போகிறார்கள் என்று கையெழுத்து வாங்குகிறார். கூரை ஒழுகுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவனுக்குக் குடையைக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கிற பார்வைதான்.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாக வந்தேன். பழைய போர்ட்டை இறக்கிவிட்டார்கள். புதிய போர்ட்டில் முன்பள்ளி என்றும் இல்லை, மொன்டிசோரி என்றும் இல்லை, 'சிறுவர் ஆங்கில வகுப்பு' என்று மாற்றிவிட்டார்கள். கீழே 'அரச பதிவு பெற்றது', அதே எண். ஜனவரி அட்மிஷனுக்குப் பேனரும் கட்டியாகிவிட்டது. இந்த முறை 30,000 ரூபா.