கொலனோஸ்கோப்பிக்கு முன் “குடல் கழுவினாலே போதும்” என்பவர்களிடம் எச்சரிக்கை

கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனையான கொலனோஸ்கோப்பிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த பேதி மருந்துக் கரைசலைக் குடிக்க வேண்டியதில்லை, ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் கழுவும் ஹைட்ரோதெரபியே போதும் என்று எந்த நிலையமாவது சொன்னால், பரிசோதனை செய்யும் மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். என் தாயாரிடம் ஒரு நிலையம் அப்படித்தான் சொன்னது. அவருடைய பரிசோதனை பாதியில் நிறுத்தப்பட்டது.

கரைசல் குமட்டும் என்று அஞ்சியிருந்தவருக்கு அந்த உறுதிமொழி பெரும் ஆறுதலாக இருந்தது. இதயம், சிறுநீரகம், பழைய அறுவை சிகிச்சை எதைப் பற்றியும் அங்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில் பணியாளர் கழிவுக் குழாயைச் சுட்டிக்காட்டி, “பாருங்கம்மா, தண்ணி தெளிவா வருது, குடல் சுத்தமாயிடுச்சு” என்றார். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. உள்ளே போன நீர் இடப்பக்கம் வரை மட்டும் சென்று திரும்பினாலும் குழாயில் தெளிவாகத்தான் தெரியும். சிறுகுடலிலிருந்து கழிவு வந்து சேரும் வலப்பக்கம் அப்படியே இருந்திருக்கிறது. எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் தட்டையான பாலிப்புகள் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டிகள்) அதிகம் காணப்படுவதும் அந்தப் பக்கத்தில்தான்.

குடலின் தூய்மையை மருத்துவர்கள் பாஸ்டன் அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள். எல்லாப் பகுதிகளிலும் குறைந்தது 2 இருந்தால்தான் பார்த்ததை நம்பலாம். தாயாரின் அறிக்கையில் வலப்பக்கத்துக்கு 0 என்று இருந்தது.

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பேதி மருந்தான பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் மேலிருந்து கீழாகக் குடல் முழுவதையும் கழுவி இறங்குகிறது. உடலின் உப்புச் சமநிலை கெடாதிருக்க அதில் உப்புகளும் சேர்க்கப்பட்டுள்ளன. பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வதற்குக் காரணம், இரவில் மீண்டும் வலப்பக்கத்தில் சேரும் கழிவையும் அகற்றுவதே. மாறாக, வெறும் தண்ணீரை அளவின்றிச் செலுத்தினால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். குடலில் துளை விழுந்த நிகழ்வுகளும் உண்டு. கருவி தூய்மையாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவின் கொலராடோவில் 1978 முதல் 1980 வரை ஒரே நிலையத்தில் குடல் கழுவிக்கொண்ட குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று ஏற்பட்டதே சாட்சி. அவர்களில் 10 பேருக்குப் பெருங்குடலையே அகற்ற வேண்டியிருந்தது, சிலர் இறந்தும் போனார்கள்.

மருத்துவரின் உத்தரவின்படி, பரிசோதனைக்கு முன் பயன்படுத்தவென அனுமதி பெற்ற கருவிகளும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். குடல் அறுவை சிகிச்சைக்காகக் குடலைச் சுத்தம் செய்யும்போது மருத்துவரைக் கேட்பது இன்னும் முக்கியம், ஏனெனில் அங்கே பேதி மருந்தோடு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுப்பது உண்டு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நிலையத்தார் ரசீதைக் காட்டினார்கள். அதில் “நச்சு நீக்கம்” என்று மட்டுமே எழுதியிருந்தது. கொலனோஸ்கோப்பி என்ற சொல்லே இல்லாததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். எனவே, பணம் கட்டும் முன் எந்தப் பரிசோதனைக்காக, எந்த மருத்துவரின் உத்தரவின் பேரில் செய்கிறார்கள் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கரைசல் குமட்டுகிறது என்றால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள். அளவு குறைந்த வேறு மருந்துகளும், குமட்டலைத் தணிக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன.