பென்டியம் 233, டியூப் மானிட்டர்: ஆறு ஆண்டு அனுபவம்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் பழைய விளையாட்டுகளுக்கென்று ஒரு கணினி சேர்க்க நினைக்கும் நண்பர் ஒருவர், பென்டியம் எம்எம்எக்ஸ் செயலி உள்ளதை வாங்குவதா, அதற்குப் பின் வந்த பென்டியம் 3 உள்ளதை வாங்குவதா என்று சென்ற வாரம் கேட்டார். ஐந்து வாரம் பழுதுபார்க்கும் கடையில் கிடந்த என் 17 அங்குல டியூப் மானிட்டர் அன்றுதான் வீடு வந்து சேர்ந்திருந்தது. அதனால் அவர் கேட்டதற்குச் சுருக்கமாகவும், கேட்காததைப் பற்றி நீளமாகவும் பேசிவிட்டேன்.

கேட்டதற்கான பதில் எளிது. 233 மெகாஹெர்ட்ஸ் எம்எம்எக்ஸ், இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டு, பழைய வகை ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டை: ஆறு ஆண்டுகளாக என் மேசையில் இருப்பது இதுதான். ரேம் 64 எம்பி போதும். அந்த சிப்செட்டின் கேஷ் (அடிக்கடி வேண்டியதை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்) அதற்கு மேல் எட்டாது என்பதால், கூடுதலாகப் போட்டால் விண்டோஸ் 98 மந்தமாகவே செய்யும். பென்டியம் 3 இதைவிட வேகமானதுதான், ஆனால் 1990இல் வந்த விங் கமாண்டர் போன்ற விளையாட்டுகள் செயலியின் வேகத்துக்கேற்ப ஓடுபவை. அவற்றுக்கு வேகமே இடைஞ்சல். எம்எம்எக்ஸில் செட்மல் என்ற சிறு நிரலால் செயலிக்குள் இருக்கும் கேஷை அணைத்துவிட்டால் கணினி ஏறக்குறைய பழைய 386 செயலி அளவுக்கு இறங்கிவிடுகிறது. மறுபடி கேஷைப் போட்டால் அதே கணினியில் வேகம் கேட்கும் குவேக் விளையாட்டும் ஓடுகிறது. ஒரே பெட்டிக்குள் பத்தாண்டுக் கணினிகள் அடங்கிக் கிடப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்த மகிழ்ச்சி முழுவதும் கண்ணுக்கு வந்து சேர்வது மானிட்டர் வழியாகத்தான் என்பதை, அது கடையில் இருந்த ஐந்து வாரங்களில் உணர்ந்தேன். அதுவரை அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு எல்சிடியை மாட்டியிருந்தேன். டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகள் கொண்ட படத்தை, 4:3 திரை முழுவதும் நிரம்பும் என்று எண்ணி வரைந்தவை. அங்கே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். என் எல்சிடி அதை 720க்கு 400 எழுத்துத் திரை என்று எடுத்துக்கொண்டு, அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியது. வட்டமாக இருக்க வேண்டியவை எல்லாம் முட்டையாகத் தெரிந்தன.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கணினியின் விஜிஏ பட அட்டை இந்தப் படத்தை நொடிக்கு 70 முறை அனுப்புகிறது. 1993இல் வந்த டூம் நொடிக்கு 35 படங்களுக்கு மேல் வரைவதில்லை. ஆகவே டியூபில் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை தோன்றுகிறது, நாம் திரும்பும்போது சுவர் வழுக்கிக்கொண்டு போகிறது. எல்சிடி 60 முறை மட்டுமே காட்டுவதால், சில படங்கள் இரண்டு முறையும் சில ஒரு முறையும் வந்து, சுவர் தடுக்கித் தடுக்கி நகர்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடிவதில்லை.

இனி பழுதைப் பற்றி. ஒரு நாள் இரவு டிக் டிக் என்ற சத்தத்துடன் படம் அணைந்தது. மின்சாரம் பொசுங்கும் வாடை வந்தது. டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் எல்ஓடி என்ற டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. 16 கிலோவுக்குக் குறையாத அந்த மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். மூவரும் பெட்டியைத் திறக்கக்கூட மறுத்தார்கள். நான்காவது கடைக்காரர் எடுத்துக்கொண்டு, இன்று நாளை என்று ஐந்து வாரம் அலைக்கழித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் கறுப்பு கறுப்பாக இல்லை. டூமின் இருட்டறைகள் சாம்பல் பூசினாற்போல இருந்தன. திரையின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் சாய்வாக ஓடின. எல்ஓடியில் ஃபோகஸ், ஸ்கிரீன் என்று இரண்டு திருகுகள் உண்டு. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கிரீன் திருகை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். உள்ளே சுமார் 25,000 வோல்ட் இருக்கும் இடத்தில் நானாகக் கை வைக்கவில்லை. மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மிகுந்த கோபத்தோடுதான் போனேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று எளிதில் கிடைக்காத ஒரு பாகத்தை, அதே மாடல் பழைய மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து அதிலிருந்து கழற்றிப் போட்டவர் அவர். நான் எதிரில் நிற்க, நீளமான திருப்புளியால் அந்தத் திருகை மயிரிழை அளவு குறைத்தார். கோடுகள் மறைந்து, இருட்டு மறுபடி இருட்டாயிற்று. இரண்டாம் முறைக்குக் காசு வாங்கவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது, வாங்க வேண்டாம் என்பதே. எம்எம்எக்ஸ் கிடைக்கும், போர்டு கிடைக்கும், சவுண்ட் கார்டும் தேடினால் கிடைக்கும். நல்ல டியூபும் அதைத் தொட்டுப் பழகிய கையும் கிடைப்பதுதான் அரிது. அவை இல்லாமல் மற்றவற்றுக்குப் பணம் போடுவதைவிட, டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, 4:3 திருத்தத்தைப் போட்டு, 70 ஹெர்ட்ஸ் காட்டும் புது மானிட்டரில் விளையாடுவது எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். எல்ஓடி கழற்றிய அந்த இன்னொரு மானிட்டரையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.