டேப்பா, பேண்ட்டா? அம்மாவுக்கு இரண்டையும் மாட்டிப் பார்த்த பிறகு

2025 செப்டம்பர் 22 முதல் டயாபருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 450 ரூபாய் பாக்கெட் கணக்குப்படி 422 ரூபாய்க்கு வர வேண்டும். மாதாமாதம் வாங்கும் வீட்டுக்கு இதுவும் உதவிதான். அதைச் சொல்லத்தான் தோழிக்குப் போன் செய்தேன். அவளுக்கு வேறு கவலை. "மாமனாருக்கு வாங்கணும்டி. மெடிக்கல்ல போய்க் கேட்டா டேப் டைப்பா, பேண்ட் டைப்பான்னு திருப்பிக் கேக்குறாங்க. எதை வாங்குறது?"

போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்த கம்பெனி, எத்தனை பீஸ், எத்தனை மில்லி தாங்கும் என்பதெல்லாம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஃப்ரெண்ட்ஸ், லைஃப்ரீ, டிக்னிட்டி என்று எங்கள் ஊர் மெடிக்கல்களில் இப்போது எல்லாமே கிடைக்கிறது. நான் சொல்லப்போவது ஒட்டும் வகைக்கும் ஜட்டி மாதிரி மாட்டும் வகைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்.

அம்மாவுக்கு 79 வயது. திருச்சியில் எங்களோடுதான் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதும் முதலில் முழுப் படுக்கை, பிறகு கட்டிலோரம் உட்காருவது, அப்புறம் வாக்கர். அவசரம் வந்தால் பாத்ரூம் வரை அடக்க முடிவதில்லை. இரவில் தெரியாமலே போய்விடும். அதனால் இரண்டு வகையையும் மாதக்கணக்கில் வாங்கிப் பார்த்தாயிற்று.

முதலில் டேப் வகைக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அதைவிட்டால் வழியில்லை. ஆபரேஷன் ஆன காலைத் தூக்கி பேண்ட்டை நுழைப்பது நடக்காத காரியம். டேப் வகையில், ஆளை ஒருபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாதியைச் சுருட்டி முதுகுக்கடியில் செருகி, மறுபக்கம் திருப்பி அதை இழுத்துவிட்டால் முடிந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆனவரை எப்படித் திருப்பலாம், காலுக்கு நடுவே தலையணை வேண்டுமா என்பதை மட்டும் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா இதைத் தனி ஆளாகவே செய்துவிடுவார்.

மாட்டுவதில் ஒரு கை வேலை இருக்கிறது; பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்தால் புரியாது. முதலில் நீளவாக்கில் மடித்துக் குழிவாக்கிக்கொள்ள வேண்டும். தொடையோரம் இருக்கும் மடிப்பு இரண்டையும் விரலால் எழுப்பிவிட வேண்டும். அது மடங்கிக் கிடந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் ஓரமாகக் கசியும். கீழ் டேப்பை முதலில், சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஒட்ட வேண்டும். மேல் டேப்பைப் பிறகு, சற்றுக் கீழ்நோக்கி. ஆண்களாக இருந்தால் உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். இல்லையென்றால் வயிற்றுப் பட்டி வழியாக வெளியே வந்து பனியன் நனையும். வெட்கப்பட்டு இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் சொல்கிறேன்.

இதெல்லாம் சரியாகச் செய்தால் டேப் வகை நன்றாகவே தாங்கும். நாங்கள் வாங்கியதில் நடுவில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது, ஈரம் பட்டால் நிறம் மாறும். திறந்து பார்த்து ஆளைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. லூஸ் மோஷன் ஆன நாளில் விரித்துப்போட்டுத் துடைக்க முடிகிறது. விலையும் குறைவு. எங்கள் மெடிக்கலில் டேப் ஒன்று 30, 35 ரூபாய்க்குள் வரும். பேண்ட் 40-ஐத் தாண்டும்.

இத்தனை மில்லி தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைப் பொடி. தண்ணீர் பட்டால் ஜெல்லியாகிவிடும். சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்பு கலந்த யூரின் என்றால் அதில் சிறு பங்குதான். ஐ.எஸ்.ஓ. 11948-1 என்ற சோதனை முறையில் முழு டயாபரையும் திரவத்தில் ஊறவைத்து, வடியவிட்டு எடை போடுகிறார்கள். வீட்டிலோ அதன்மேல் ஒரு உடம்பு உட்கார்ந்திருக்கிறது, படுத்திருக்கிறது, புரள்கிறது. மொத்தமும் ஊறும் முன்னாலேயே ஓரமாக வழிய ஆரம்பித்துவிடும்.

இத்தனை நல்லது சொல்லியும் அந்த டேப்பை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அம்மாவின் மூட்டுக்குத் தினமும் தைலம் தேய்க்கிறோம். குளித்ததும் பவுடர் போட்டுக்கொள்வது அவர் ஐம்பது வருஷப் பழக்கம். விரலில் துளி எண்ணெயோ பவுடரோ இருந்தால் போதும், டேப்பின் பசை செத்துவிடும். ஒட்டியது போல இருக்கும். அரை மணி கழித்துத் திரும்பிப் படுத்தால் ஒருபக்கம் பிரிந்து கிடக்கும். சரியாக ஒட்டவில்லையே என்று எடுத்து மறுபடி ஒட்டப் போனால், மேல்பக்கம் பிளாஸ்டிக்காக இருந்தால் கிழிகிறது. துணி போல மெத்தென்று இருந்தால் இரண்டாம் முறை பிடிப்பதே இல்லை. ஒருமுறை தப்பாக ஒட்டினால் ஒரு டயாபர் குப்பைக்கு. பசைக்குப் பதில் கொக்கிப் பட்டி வைத்தது சில இருக்கின்றன, அவை பரவாயில்லை. எங்கள் மெடிக்கலில் அது எப்போதும் கிடைப்பதில்லை. உட்கார்ந்தால் டேப்பின் முனை அடிவயிற்றில் குத்தி, சித்திரை வெயிலில் அந்த இடம் மட்டும் சிவந்து போகும். எழுந்து நாலு எட்டு வைத்தால் நனைந்த கனத்தில் மொத்தமும் கீழே இறங்கும். அம்மா ஒரு கையால் வாக்கரையும் மறு கையால் நைட்டியோடு சேர்த்து அதையும் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இதையெல்லாம்கூட சகித்துக்கொள்ளலாம். என்னால் மன்னிக்க முடியாதது வேறு. டேப் மாட்டியிருந்தவரை அம்மா பாத்ரூம் போவதையே விட்டுவிட்டார். போக வேண்டும் என்றால் யாராவது வந்து பிரிக்க வேண்டும், திரும்பி வந்ததும் படுக்க வேண்டும், புதிதாக ஒன்று ஒட்ட வேண்டும். இதற்குப் பயந்து, "இருக்கட்டும்மா, அதுலயே போயிடுறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். யூரின் வருவது தெரிந்தும், கமோடு பத்தடியில் இருந்தும், அதிலேயே போவது. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவை அடக்கும் சக்தியை இன்னும் கெடுக்கும். அடக்க முடிந்த கொஞ்சத்தையும் டேப்பே பிடுங்கிக்கொண்டது போல ஆயிற்று.

பேண்ட் வகைக்கு மாறியதும் முதலில் மாறியது இதுதான். கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு காலையும் நுழைத்து முழங்கால் வரை ஏற்றிக்கொள்கிறார். வாக்கரைப் பிடித்து எழுந்து, ஒரு கையால் ஒருபக்கம், கை மாற்றி மறுபக்கம் இழுத்துவிட்டுக்கொள்கிறார். பாத்ரூமில் இறக்குகிறார், ஏற்றுகிறார். ஈரமாகவில்லை என்றால் அதே பேண்ட் தொடர்கிறது. டேப்பைவிட விலை கூடுதல்தான், ஆனால் பகலில் செலவாகும் எண்ணிக்கை குறைந்தது. இரண்டு மணிக்கொருமுறை, வருகிறதோ இல்லையோ, கமோடில் போய் உட்காருங்கள் என்று டாக்டர் சொன்னதை அதற்குப் பிறகுதான் எங்களால் செய்யவே முடிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மாட்டிக்கொள்கிறார். அந்தச் சாத்திய கதவின் அருமை இதைச் செய்து பார்த்த வீட்டுக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் பேண்ட் வகைக்கு ஒரு பெரிய குறை சொல்வார்கள்: மாற்றுவதற்கு ஷூ, கால்சட்டை எல்லாம் கழற்ற வேண்டும் என்று. நம் வீடுகளில் அம்மாக்கள் நைட்டியிலும் அப்பாக்கள் லுங்கியிலும் வெறுங்காலோடு இருக்கிறார்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை, தூக்கிப் பிடித்தால் போதும். அந்தக் குறை நமக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதற்கும் குறைகள் உண்டு. பக்கவாட்டுத் தையல் கிழித்து எடுப்பதற்காகவே லேசாகப் போட்டது. வேகமாக இழுத்தால் மாட்டும்போதே பிரியும். ஒரு கம்பெனியின் பாக்கெட்டில் வரிசையாக அப்படிப் பிரிந்து, மிச்சத்தை அப்படியே ஓரம் கட்டினேன். சைஸ் எடுக்கும்போது இடுப்புச் சுற்றளவை மட்டும் பார்த்து வாங்கினால் தொடை இறுகும்; பிட்டத்துச் சுற்றளவையும் எடுத்து, எது பெரிதோ அதைக் கணக்கில் வையுங்கள். நாங்கள் வாங்கியவரை டேப் அளவுக்குத் தாங்கவில்லை. மோஷன் போயிருந்தால் கீழே இறக்கிக் கழற்றவே கூடாது, கால் முழுக்கப் பூசிவிடும். இரண்டு பக்கமும் கிழித்து முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டும். காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டால் அன்றைக்குப் பேண்ட் உதவாது.

தோழியின் மாமனார் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2008-ல் பிரிட்டனில் மேண்டி ஃபேடர் என்பவரின் குழு இந்த வகைகளையெல்லாம் ஆட்களிடம் கொடுத்துப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டது. பெண்களுக்குப் பேண்ட் வகை மேல், விலைதான் இடிக்கிறது என்றும், ஆண்களுக்கு டேப் வகையே காசுக்கு ஏற்றது என்றும் அதில் வந்தது. அவள் மாமனார் கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கிறவர். ஆய்வை மதிக்கிறேன். ஆனாலும் நடக்கிற மனிதருக்கு டேப்பை ஒட்டிப் படுக்க வைக்காதே, பேண்ட் வாங்கு என்றுதான் அவளிடம் சொன்னேன். திடீரென்று இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றால் டயாபர் வாங்கும் முன் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். புராஸ்டேட், சர்க்கரை, இன்ஃபெக்‌ஷன், நீர் பிரிய எடுக்கும் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

எந்த வகையானாலும் தோலைக் கவனிக்க வேண்டும். ஈரத்திலேயே இருந்தால் யூரினிலிருந்து அம்மோனியா உண்டாகி தோல் வெந்துபோகும். மோஷனும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லிசாகப் பூசினால் போதும். அப்பிவிட்டால் அது டயாபரில் ஒட்டி உறிஞ்ச விடாது. பவுடர் கட்டிகட்டியாகி மடிப்பில் உரசும், வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொல்லி பவுடரைக் கழுத்தோடு நிறுத்த வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கழற்றியதை எங்கே போடுவது என்பதும் முக்கியம். இறுக்கிச் சுருட்டி, பேப்பரில் சுற்றிக் கட்டி, தனிப் பொட்டலமாகக் கொடுக்க வேண்டும். சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே கொடுக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதியிலேயே இருந்தது. நான் வாங்கிய பாக்கெட்டுகளில் அப்படி ஒரு உறையைக் கண்டதே இல்லை. பேண்ட்டின் பின்பக்கம் சுருட்டி ஒட்ட ஒரு சின்னப் பட்டி மட்டும் இருந்தது. அதுவும் நல்ல விஷயம்தான், எது பின்பக்கம் என்று அம்மாவுக்கு அதை வைத்துத்தான் தெரிகிறது. காலையில் வண்டியில் வருகிற தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அதைப் பிரித்தெடுக்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

கணக்காகப் பார்த்தால் பகலுக்குப் பேண்ட், இரவுக்கு டேப் என்பதுதான் சரி. நானே கொஞ்ச காலம் அப்படித்தான் வைத்திருந்தேன். இரவு முழுக்கத் தாங்கியது, விரிப்பு நனையவில்லை, எனக்கும் தூக்கம் கிடைத்தது. ஆனால் தினமும் ஒன்பது மணிக்கு டேப் பாக்கெட்டை எடுத்தால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். ராத்திரி எழுந்து போக நினைத்தாலும் போக முடியாமல் விடியும்வரை அப்படியே கிடப்பார். இப்போது இரவிலும் பேண்ட்தான் போடுகிறோம். அடியில் 60-க்கு 90 செ.மீ. அளவில் அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் ஷீட்) விரிக்கிறோம். கட்டிலை ஒட்டிக் கமோடு நாற்காலி, சின்ன விளக்கு. சில இரவு கசிகிறது, விரிப்பு மாற்றுகிறோம், மெஷினில் துணி கூடுகிறது, மாதச் செலவும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. டேப் பாக்கெட் ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறேன், வயிறு கெட்டால் மட்டும் எடுப்பதற்கு. மற்றபடி இனி அதை வாங்குவதாக இல்லை.