கையெழுத்துப் போட்டவருக்குக் கெடுபிடி, போடாதவருக்கு?

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1967 ஜனவரி 1-இல் கோடு கிழித்தது. அதற்கு முன் அணுகுண்டு வெடித்துக் காட்டிய அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா என்ற ஐந்து நாடுகளுக்கு மட்டுமே அணு ஆயுத நாடு என்ற தகுதி. மற்ற நாடுகள் எடுத்த வழிகளையும் அவற்றுக்குக் கிடைத்த பலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஈரான் 1970 முதல் ஒப்பந்தத்தின் உறுப்பினர். யுரேனியத்தைச் செறிவூட்டும் (குண்டுக்கோ எரிபொருளுக்கோ பயன்படும் வகையை அதில் கூட்டும்) நடான்ஸ் ஆலையை மறைத்துக் கட்டியது 2002-இல் அம்பலமானது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுடன் செய்த 2015 உடன்பாட்டில் செறிவூட்டலை 3.67 சதவீதத்துக்கும் கையிருப்பை 300 கிலோவுக்கும் மட்டுப்படுத்தியது. வரம்புகள் மீறப்படவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2018 மே மாதம் அமெரிக்கா விலகித் தடைகளை மீண்டும் விதித்தது. 2021-இல் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது. குண்டுக்கான 90 சதவீதத்தை எட்டத் தேவைப்படும் உழைப்பில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இஸ்ரேல் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடவில்லை, அணுகுண்டு வைத்திருப்பதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. 1981-இல் ஒப்பந்த உறுப்பினரான ஈராக்கின் ஒசிராக் உலையைக் குண்டுவீசித் தகர்த்தது. ஐ.நா. பாதுகாப்பு சபையின் 487-ஆம் தீர்மானம் அதைக் கண்டித்து, இஸ்ரேல் தன் அணு நிலையங்களையும் முகமையின் கண்காணிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. இஸ்ரேலின் அணு உலை இருக்கும் டிமோனாவுக்குள் முகமையின் ஆய்வாளர்கள் இன்றுவரை போகவில்லை. அதற்காகச் சபை தடை எதுவும் விதிக்கவில்லை.

இந்தியாவும் கையெழுத்துப் போடவில்லை. அதன் கதைதான் விசித்திரம். 1974 பொக்ரான் சோதனைக்கான புளூட்டோனியம் கனடா கொடுத்த சைரஸ் உலையிலிருந்து வந்தது. அந்த அதிர்ச்சியில், அணுப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உருவானதே அணுசக்தி வழங்கும் நாடுகள் குழு. அதே குழு 2008 செப்டம்பரில் தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. அன்றைய கணக்கில் 22 உலைகளில் 14 கண்காணிப்புக்குள். மீதி 8 வெளியே. அதனால் இறக்குமதி யுரேனியம் மின்சாரத்துக்கும் உள்நாட்டு யுரேனியம் ராணுவத்துக்கும் போக வழி பிறந்தது.

1998-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் சோதனை நடத்தியபோது பாதுகாப்பு சபையின் 1172-ஆம் தீர்மானம் இரண்டையும் சேர்த்தே கண்டித்தது. பிறகு பாகிஸ்தான் கேட்ட விலக்கு மட்டும் கிடைக்கவில்லை. பிற நாடுகளுக்கு அணு ஆயுதத் தொழில்நுட்பத்தை ரகசியமாக விற்ற பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் வலைப்பின்னலைக் காரணம் காட்டுவார்கள். வலுவான காரணம்தான். ஆனால் விலக்கு பெற என்ன தகுதி வேண்டும் என்று பொது விதி எழுதப்படவில்லை. விதி இல்லாத இடத்தில் நட்பும் சந்தையும் தீர்ப்புச் சொல்கின்றன.

ஒப்பந்தத்தில் இருந்துவிட்டு வெளியேறிய வடகொரியா 2006-இல் வெடித்து, அடுத்தடுத்துத் தடைகளை வாங்கியது. குண்டு கையிலேயே இருக்கிறது. தானே செய்த ஆறு குண்டுகளைக் கழற்றிப்போட்டு 1991-இல் சேர்ந்த தென்னாப்பிரிக்காவின் வழியில் வேறு யாரும் போகவில்லை.

அந்த ஐந்து அணு ஆயுத நாடுகளின் கடமை ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் இருக்கிறது: ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்த வேண்டும். கெடு கிடையாது. பிரிட்டன் 180-ஆகக் குறைப்பதாகச் சொல்லியிருந்த அணுகுண்டு உச்சவரம்பை 2021-இல் 260-ஆக உயர்த்தியது. அதை எதிர்த்துப் பாதுகாப்பு சபையில் தீர்மானம் கொண்டுவந்தாலும் பிரிட்டன் கையில் அதைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது.