ஏற்காடு ஏறும் ராணுவ ஜீப்புக்கு என்.டி.டி. டயர் ஆகுமா?

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்புகளுக்கு இரண்டு துண்டாகப் பிரியும் ராணுவ ரிம்மும், 6.00-16 அளவு (6 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) என்.டி.டி. டயரும்தான் அடையாளம். என்.டி.டி. என்பது, தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளான பட்டன் எந்தத் திசைக்கும் ஒன்றாக அமைந்த டயர். பழைய வடிவிலேயே வார்த்த புது டயர்கள் இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. சேலம் ஊருக்குள் ஓட்டவும், காய்ந்த எஸ்டேட் மண்பாதையில் போகவும் இந்த ஜோடி நன்றாகவே இருக்கிறது. மழை பெய்த ஏற்காடு மலைப்பாதைக்கு ரிம் தாங்கும், டயர் ஆகாது.

பலரும் டயரை வாங்கிவிட்டு அப்புறம் ரிம்மைத் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ரிம்மின் அகலம்தான் டயரை முடிவு செய்கிறது. ராணுவ ரிம் 16 அங்குல விட்டம், 4.50 அங்குல அகலம். இந்த அகலத்தில் 6.00-16 சரியாக உட்காரும், 7.00-16-ம் உட்காரும். ரேடியல் போட நினைத்தால் 205/80ஆர்16 உயரத்தில் கிட்டத்தட்ட 6.00-16 அளவுக்கே வரும். ஆனால் அதற்குக் குறைந்தது 5 அங்குல ரிம் வேண்டும். 4.50-ல் திணித்தால் இரண்டு பக்கமும் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பட்டன் மட்டும் தரையைத் தொடும், நடு சீக்கிரம் மொட்டையாகும், வளைவில் வண்டி அலையும்.

பழைய ராணுவ ரிம் வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். நட்டு உட்காரும் 5 துளைகளைப் பாருங்கள். துளை மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 5.5 அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். தளர்ந்த நட்டோடு ஓடிய ரிம்மில் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும், கூம்பு நட்டை விரலால் வைத்துத் திருகினாலே ஒரு பக்கம் இடைவெளி தெரியும். அதை வெல்டிங் வைத்து அடைத்துத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். அடுத்து, இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழி ஆழமாக இருந்தால் பாதிகள் சமமாகச் சேராது. கடைசியாக ஜாக்கி போட்டு ஹப்பில் மாட்டி, ரிம் ஓரத்துக்கு அருகே ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் நிறுத்திச் சுற்றுங்கள். ஆட்டம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த ரிம்மின் ஆபத்து அதன் 8 நட்டுகளில் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் பிடித்திருப்பவை அவை. காற்று இருக்கும்போது அவற்றில் ஒன்றைத் தளர்த்தினாலும் வெளிப்பாதி மனிதரைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கக்கூடும். சாதாரண ரிம்மையே பார்த்துப் பழகிய பஞ்சர் கடையில், சக்கரத்தைக் கழற்ற எந்த நட்டு என்று தெரியாமல் வெளிவட்ட நட்டில் ஸ்பேனர் வைத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் வண்டிக்காரர் கூடவே நிற்க வேண்டும். ஹப்பில் இருக்கும் 5 நட்டு மட்டும்தான் சக்கரத்தைக் கழற்ற. வெளிவட்டத்து 8 நட்டுகளையும் சிவப்பு பெயின்டால் குறித்து வைத்தால் யாருக்கும் குழப்பம் வராது. மாட்டும் முறை இது: வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். பிறகு 8 நட்டையும் எடுத்து, பாதிகளைப் பிரித்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து பிரைமர் அடியுங்கள். டியூபில் டால்க் பவுடர் தடவி, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றி டயருக்குள் வையுங்கள். டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டையான ஃப்ளாப் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பாதிகள் சேரும் இடுக்கில் டியூப் கடிபட்டு ஒரே மாதத்தில் காற்று இறங்கும். வால்வு அதன் வெட்டில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். போல்ட் தொலைந்தால் இரும்புக்கடையின் சாதாரண போல்ட் ஆகாது, 8.8 தரத்துக்குக் குறையாத ஹைடென்சில் வேண்டும். காற்று அடிக்கும்போது சக்கரத்தை முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்து, நீளமான குழாயோடு தள்ளி நிற்க வேண்டும்.

பழைய ஜீப்பை முதன்முதலாகத் தொடுபவர்கள் ஸ்டட் ஒடிப்பது இடது பக்கத்தில்தான். ஓட்டுநர் பக்கம் எதுவானாலும், வண்டியின் இடப்பக்க ஹப்புகளில் மரை தலைகீழ், நட்டில் எல் என்று குறி இருக்கும். வழக்கம்போல் திருப்பி நீட்டுக்குழாய் போட்டு ஏறி மிதித்தால் இன்னும் இறுகி, ஸ்டட் முறிந்துவிடும். அரை அங்குல ஸ்டட்டுக்கு 65 முதல் 75 அடி-பவுண்டு இறுக்கம் போதும்.

இனி டயர். என்.டி.டி. என்றால் திசையற்ற பட்டன். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே பிடி. தடித்த கட்டைகள், நடுவே அகலமான பள்ளங்கள். சரளை, உலர்ந்த செம்மண், கரடுமுரடான காபித் தோட்டப் பாதை எல்லாவற்றிலும் நம்பிப் போகலாம். கல் குத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தார் ரோட்டில் கதை மாறுகிறது. பள்ளம் அதிகம் என்பதால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, கட்டைகளின் மேல் நுண்கீறலும் கிடையாது. அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பனியில் நனைந்த ரோட்டில், அதிலும் சில்வர் ஓக் இலை உதிர்ந்து படிந்த இடங்களில், பிரேக்கைத் தொட்டதும் முன்சக்கரம் வழுக்கும். ஐப்பசி மழையில் எஸ்டேட் களிமண் டயர்ப் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் தானாக உதறாது, டயர் மொழுக்கையாகிவிடும். அந்தப் பாதையில் அடிக்கடி போகிறவர்கள் அதே 6.00-16 அளவில், நடுவில் தொடர்ச்சியான பட்டனும் ஓரத்தில் லக்கும் (துருத்தி நிற்கும் கட்டையும்) உள்ள சாதாரண ஜீப் நைலான் டயரைப் போடுவதே நல்லது. என்.டி.டி.யைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்து வைக்கலாம். இரண்டு செட் செலவுதான், ஆனால் அந்த 20 வளைவுகளைப் பார்க்கும்போது அது வீண் செலவாகத் தோன்றவில்லை.

6.00-16 என்று கேட்டால் சேலத்திலும் ஆத்தூரிலும் டயர் கடைகளில் முதலில் எடுத்துப் போடுவது டிராக்டர் முன் டயர். மூன்று வரிசை ரிப், விலையும் குறைவு. அளவு பொருந்தும், ஆனால் பக்கத்தில் ஏ6 அல்லது ஏ8 என்று இருக்கும். ஏ6 மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 40 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டினால் சூடேறி டயரின் அடுக்குகள் பிரிந்துவிடும். ஜீப்புக்கு வேண்டவே வேண்டாம்.

7.00-16 போட்டால் கம்பீரமாக நிற்கும். பின்னாளில் வந்த எம்38 ஜீப்புக்கு அதுவே சொந்த அளவு. எம்.பி.யில் போட்டால் விட்டம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். 4.88 பல் விகிதம் 4.6 ஆனதுபோல வண்டி இழுக்கும், 60 குதிரைத்திறன் இன்ஜின் ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்கக் கேட்கும். டிரம் பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ஸ்பிரிங்கிலோ சேசிஸிலோ உரசுகிறதா என்று, மாட்டிய அன்றே வண்டியை நிறுத்தி வைத்துத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

டயரின் உறுதியைக் குறிக்கும் பிளை (அடுக்கு) விஷயத்தில் அதிகம் என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். வண்டியே ஏறத்தாழ 1,100 கிலோதான். 6 பிளை தாராளம். 8 பிளை போட்டால் டயர் வளையாமல் ஒவ்வொரு குழியும் முதுகுக்கு வரும். ராணுவக் கையேட்டில் காற்று 35 பி.எஸ்.ஐ. ஆள் மட்டும் ஏறும் வண்டிக்கு 28 முதல் 30 வைத்தால் பிடி கூடும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று போட்டு ஃபோர் வீலில் தாரில் ஓட்டினால் பல்லுக்குத்தான் கேடு. டயர் பக்கத்தின் தேதியையும் பாருங்கள்: கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ராணுவ டிஸ்போசல் விற்பனையில் வரும் 'ஓடாத' டயர் பல வருடம் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். பட்டன் முழுசாக இருந்தாலும் பக்கத்தை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் உடனே டயரைக் குறை சொல்லாதீர்கள். நைலான் டயர் சூடாக நிறுத்திய இடத்தில் தட்டையாகிவிடும், மறுநாள் முதல் சில கிலோமீட்டர் ஆட்டம் இருந்து தானாக நிற்கும். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங், பெல் கிராங்க் பின், டை ராடு முனைகள் என்ற வரிசையில் ஸ்டீயரிங் பாகங்களைப் பாருங்கள். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அலைன்மெண்ட் கடையில் இந்த அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஹப் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், புது பெயின்ட் நசுங்கி அவை தளர்ந்திருக்கும். ரிம்மின் 8 நட்டுகளையும் அப்போதே கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏதாவது தளர்ந்திருந்தால் முதலில் காற்றை இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.