உள்ளான்களை நெருங்கிப் படமெடுக்க: சோனி 200-600 மி.மீ. லென்ஸ்

நீரோரச் சேற்றில் இரைதேடும் சிறு பறவைகளான உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் படமெடுக்க விரும்புவோர் லென்ஸ் வாங்கும்முன் கேட்கும் முதல் கேள்வி, அது எவ்வளவு தொலைவுக்கு எட்டும் என்பதுதான். சோனி நிறுவனம் 2019இல் வெளியிட்ட எஃப்.இ. 200-600 மி.மீ. எஃப் 5.6-6.3 ஜி லென்ஸைக் கோடிக்கரையின் சேற்றுவெளிகளிலும் உப்பளங்களின் ஓரங்களிலும் பயன்படுத்திய பின், அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தரையில் அசையாமல் படுத்திருப்பவருக்கு இந்த லென்ஸ் எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதே இதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

கொசு உள்ளானின் நீளம் ஏறத்தாழ 13 செ.மீ. பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் கொண்ட முழுச்சட்டக கேமராவில் 600 மி.மீ. வைத்து, அந்தப் பறவை படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்ப வேண்டுமானால், நமக்கும் அதற்கும் இடையே சுமார் 7 மீட்டர்தான் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி. சென்சார் உள்ள கேமராவில் இது 10 மீட்டராகிறது. அந்த 7 மீட்டரில் எஃப் 6.3 துளையில் (600 மி.மீ.யில் இந்த லென்ஸ் திறக்கும் அதிகபட்ச ஒளித்துளை) தெளிவாக விழும் ஆழம் 5 செ.மீ. அளவே என்பதால், பறவை பக்கவாட்டில் நிற்கும்போது கண்ணும் அலகும் கூர்மையாக வந்து, பின்னணிச் சேறு ஒரே நிறப் பரப்பாகக் கரைந்துவிடுகிறது. லென்ஸைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வைத்தால்தான் இந்த அழகு கிடைக்கும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பின்னணி பறவையின் காலடிச் சேறாகவே இருக்கும்.

தொலைவிலிருந்து எடுத்துப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் உப்பளத்தில் பலிப்பதில்லை. வெயில் ஏறியதும் சேற்றின்மேல் கானல் எழுந்து, எவ்வளவு உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இறகுகளின் நுணுக்கத்தைக் குலைத்துவிடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே, உருவைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரைப் பொருத்தினால் 840 மி.மீ. கிடைக்கும் என்றாலும், துளை எஃப் 9 ஆகச் சுருங்குவதோடு கானலும் சேர்ந்தே பெரிதாகிறது. இந்தப் பறவைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடியற்காலையிலேயே நீரோரம் படுத்துக்கொண்டு, இரை கொத்தியபடி வரும் கூட்டம் தானாக நெருங்கும்வரை காத்திருப்பதே சரியான வழி. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வலசை வந்து இங்கே உடல் தேற்றிக்கொள்ளும் பறவைகளை ஒரு படத்துக்காக எழுப்பிப் பறக்கவிடுவது கொடுமை. பறவை கொத்துவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், நாம் அசைவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

இந்தக் காத்திருப்பில்தான் லென்ஸின் அமைப்பு கைகொடுக்கிறது. உட்புற ஜூம் என்பதால் 200இலிருந்து 600 வரை திருப்பினாலும் குழல் முன்னே நீள்வதில்லை. பறவையின் கண்ணெதிரே எதுவும் நகர்வதில்லை, மணல்பையின்மேல் வைத்த சமநிலையும் மாறுவதில்லை. வளையத்தைச் சிறிதளவு திருப்பினாலே போதும். பறவை சட்டகத்தை மீறி நெருங்கிவிட்டால் 400க்குப் பின்வாங்கலாம்; இதே நிறுவனத்தின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸில், அதன் விலை பல மடங்கு என்றபோதும், இந்த வசதி கிடையாது. அந்த லென்ஸ் குவிக்கக்கூடிய மிகக் குறைந்த தூரம் 4.5 மீட்டர், இதற்கோ 2.4 மீட்டர். குவிய எல்லையை 2.4 முதல் 10 மீட்டர் என்று நிறுத்திவைக்கும் பொத்தான், நீரில் மின்னும் ஒளிப்புள்ளிகளைத் தேடிக் குவியம் தொலைவுக்கு ஓடிவிடாமல் காக்கிறது. ஆனால் கூட்டம் மேலெழுந்து பறக்கும்போது அதை மாற்ற மறக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. எஃப் 6.3 என்பது விடியலின் முதல் வெளிச்சத்துக்குப் போதாது. ஓடிக்கொண்டே கொத்தும் கொசு உள்ளானை உறைய வைக்க 1/1600 நொடி தேவைப்படுவதால் சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. உயர்ந்தே தீரும். முக்காலியில் பொருத்துவதற்கான தாங்கியை நீக்கிய பின்னும் எடை 2,115 கிராம். சேற்றில் நெடுந்தூரம் சுமந்து நடப்பவர் அதைத் தோளில் உணர்வார். கூடவே வரும் தாங்கியின் அடிப்பகுதியில் முக்காலியில் நேரடியாக மாட்ட உதவும் ஆர்க்கா வகைப் பள்ளம் இல்லாததால், தனியாக ஒரு தகடு வாங்க வேண்டியிருக்கும். லட்ச ரூபாயைத் தாண்டும் லென்ஸுடன் இதையும் கொடுத்திருக்கலாம்.

படத்தின் கூர்மை 600 மி.மீ.யிலும் முழுத் துளையிலும் எனக்கு நிறைவளித்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடிக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவதால், காலில் வளையமோ எழுத்துள்ள வண்ணக் கொடியோ அணிந்த உள்ளான்கள் கண்ணில் படலாம். பத்து மீட்டருக்குள் எடுத்த படத்தில் அந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தால், நாளையும் இடத்தையும் சேர்த்துக் கழகத்துக்குத் தெரிவிப்பது அந்தப் பறவையின் பயணத்தை அறிய உதவும்.

தூசியையும் ஈரத்தையும் தாங்கும் வகையில் இது கட்டப்பட்டிருக்கிறது. நீர் புகாதது என்று அதற்குப் பொருளில்லை. உப்பளத்திலிருந்து திரும்பிய அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழலையும் வளையங்களையும் தாங்கியின் திருகையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பைக்குள் வைக்க வேண்டும். முன்கண்ணாடியில் ஃப்ளோரின் பூச்சு இருப்பதால் அதில் தெறித்த உவர்நீர் எளிதில் வந்துவிடும். ஆனால் மணல் துகள்களை ஊதி அகற்றாமல் துணியை அதன்மேல் வைக்கக் கூடாது.